நங்கநல்லூரிலிருந்து பெருங்குடிக்கு நாலு ஜோடி பெடல்

சென்னை எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சிக்னலில் ஒருநாள் காலை எட்டேகாலுக்கு நான் நின்றபடியே விழுந்தேன். வண்டி ஓடவில்லை, யாரும் இடிக்கவில்லை, மழைகூட இல்லை. சிவப்பு விழுந்ததும் ஒழுங்காகப் பிரேக் பிடித்து, இடது காலைப் பெடலிலிருந்து கழற்றி, ஊன்றத் தயாராக நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். தோளில் மாட்டியிருந்த டிபன் பை வலது பக்கம் நழுவியது. அதன் பின்னாலேயே உடம்பும் போனது. வலது கால் பெடலோடு பூட்டிக்கொண்டு கிடந்தது. குலை தள்ளிய வாழை சாய்கிற மாதிரி, ஒரு அவசரமும் இல்லாமல், பக்கத்து ஆட்டோவின் பின் சக்கரத்தோரம் சாய்ந்து படுத்தேன்.

ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "இன்னாமா, ஓடற வண்டிலேந்து வுழுவாங்க, நீ நிக்கிற வண்டிலேந்து வுழுற!" என்றார். சொல்லிவிட்டு இறங்கி வந்து சைக்கிளைத் தூக்கினார். சைக்கிளோடு சேர்ந்து என் காலும் மேலே வந்தது. அவருக்கு அது புரியவே இல்லை. "செருப்பு மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். மாட்டிக்கொள்வதற்காகவே ஒன்பதாயிரம் ரூபாய் செலவு செய்தவள் நான். அதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

முழங்கைச் சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பெடல் விஷயம் ஆறவில்லை. மிதிக்க ஒரு கட்டை, அவ்வளவுதானே என்று இருந்தவள் இப்போது நாலாவது ஜோடியில் வந்து நிற்கிறேன். ஆபீசுக்கு சைக்கிளில் போக நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கியர் எத்தனை, எந்த பிராண்ட், வியர்வைக்கு என்ன செய்வீர்கள் என்பதுதான். பெடலைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதை ஒட்டித்தான். வீடு நங்கநல்லூர், ஆபீஸ் பெருங்குடி, கணக்கு வேலை. தில்லை கங்கா நகர் சப்வே தாண்டி உள்வட்டச் சாலை, பறக்கும் ரயில் தூண்களை ஒட்டியே வேளச்சேரி, விஜயநகர் மேம்பாலத்துக்குக் கீழே புகுந்து தரமணி லிங்க் ரோடு, எஸ்.ஆர்.பி. டூல்ஸ், அப்புறம் ஓ.எம்.ஆர். மொத்தம் பதினொரு கிலோமீட்டர் சொச்சம். ஸ்கூட்டியில் முப்பத்தைந்து நிமிடம் ஆனது, சைக்கிளில் ஐம்பது ஆகிறது. 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியபோது வீம்புக்கு ஆரம்பித்தது. ஊரை விட்டுப் போன ஒரு சக ஊழியரிடம் ஏழு கியர் ஹைபிரிட் சைக்கிள் ஒன்றை எட்டாயிரத்துக்கு வாங்கினேன். நாலு மாதம் தாங்கினால் பெரிது என்றார் என் வீட்டுக்காரர்.

இந்த வழியில் ஒரு வேடிக்கை உண்டு. காலையில் கிழக்கே போகிறேன், சூரியன் நேர் முகத்தில். சாயங்காலம் மேற்கே திரும்புகிறேன், மறுபடியும் நேர் முகத்தில். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் முடியாது. காற்று மட்டும் கொஞ்சம் கருணை காட்டும். கோடையில் காலை வேளையில் பெரும்பாலும் தரைக்காற்று முதுகில் தள்ளும், மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்துவிட்டால் திரும்பும்போதும் முதுகில்தான். ஜூன், ஜூலையில் கடல்காற்று வரச் சோம்பல்படுகிற நாட்களில் மட்டும் சாயங்காலம் மேற்குக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். கத்திரி வெயிலில் ஆறரைக்கே கிளம்பிவிடுவேன். ஆபீசில் இரண்டு செட் துணி, ஈரத்துண்டு, பவுடர், ஃபேனுக்குக் கீழே பதினைந்து நிமிடம். வியர்வைக் கேள்விக்கு இதுதான் பதில், இதற்கு மேல் அதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

இனி பெடல்.

நான் சைக்கிள் பழகியது திண்டிவனம் பக்கத்தில், அப்பாவின் பெரிய சைக்கிளில், குரங்குப் பெடல் போட்டு. பாரில் ஏற உயரம் போதாது. இடது கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, வலது அக்குளில் சீட்டை இடுக்கி, பாருக்குக் கீழே முக்கோணத்துக்குள் வலது காலை நுழைத்து, அந்தப் பக்கப் பெடலை எட்டி மிதிப்போம். முழுச் சுற்று வராது, பாதி மிதித்துப் பாதி திரும்பும். அந்தப் பெடலில் ரப்பர் தேய்ந்து உதிர்ந்து நடுக்கம்பி மட்டும்தான் மிச்சம். வெறுங்காலோடு அந்தக் கம்பியை மிதிக்கும்போது பாதத்தில் எந்த இடம் வலிக்காது என்று கால் தானாகவே கண்டுபிடித்துவிடும். பெருவிரலுக்குப் பின்னால், பாதம் அகன்று சதைப்பற்றாக இருக்கிற அந்தத் திண்டு. பெடலின் அச்சுக்கு நேர் மேலே அது வர வேண்டும் என்று பின்னாளில் யார் யாரோ எனக்குப் பாடம் எடுத்தார்கள். எட்டு வயதில் அப்பாவின் ஓட்டைப் பெடல் எடுத்த பாடம்தான் அது.

பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் கட்டை ரப்பர் பெடல். செருப்புக்கு அதைவிடச் சுகமானது கிடையாது. மழையில் நனைந்தால் மட்டும் சோப்பு மாதிரி வழுக்கும். அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தோம், செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு வெறுங்காலில் மிதிப்போம்.

இந்த ஹைபிரிட்டோடு வந்தது பிளாஸ்டிக் பெடல். கடையில் வாங்குகிற அநேக சைக்கிள்களில் இதுதான் இருக்கும். பார்க்கப் பெடல் மாதிரிதான் இருந்தது, அகலம்தான் என் பாதத்தில் பாதி. தட்டையான ஆபீஸ் ஷூ போட்டு மிதித்தால் பாதத்தின் வெளிவிளிம்பு அந்தரத்தில் தொங்கும். அரை மணி நேரத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகும். அந்த நாட்களில் முழங்காலின் முன்பக்கத்திலும் ஒரு வலி. பெடல்தான் காரணம் என்று முடிவுகட்டி அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாதிப் பழி அநியாயம். ஸ்கூட்டி பழக்கத்தில், உட்கார்ந்தபடியே இரண்டு காலும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்திருந்தது நான்தான். சீட் தாழ்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மேல் மடங்கும், வலி சில்லுக்கு முன்னால் வரும்.

சீட் உயரம் பார்க்க எளிய வழி இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள், பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டுவிட வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் இறங்கக் கூடாது. பிறகு குதிகாலை எடுத்துவிட்டு முன்பாதத்தை வைத்தால் முழங்காலில் கொஞ்சூண்டு மடிப்பு தானாக வரும். அந்தக் கொஞ்சூண்டுதான் வேண்டியது. இப்படி வைத்தால் சிக்னலில் உட்கார்ந்தபடி கால் ஊன்ற முடியாது. சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, ஃபிரேமுக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நிற்கப் பழக வேண்டும். எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. முழங்கால் வலி மூன்றாவது வாரம் போய்விட்டது. சுண்டுவிரல் மரத்துப்போவது போகவில்லை, அந்தப் பழி மட்டும் பெடலுக்கே.

பிளாஸ்டிக்கை மாற்றலாம் என்று நினைத்த சமயத்தில்தான் ஆபீசில் ஒரு தம்பி வந்து சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் ஈ.சி.ஆர். பக்கம் கும்பலாகப் போய் எண்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எட்டு மணிக்கு ஆளுக்கு நாலு இட்லி சாப்பிடுகிற கூட்டத்தைச் சேர்ந்தவன். "அக்கா, கிளீட் போட்டுப் பாருங்க, கால் பெடலோட ஒண்ணாயிடும், மேல இழுக்கறப்பவும் பவர் வரும்" என்றான். ஷூவின் அடியில் ஒரு சின்ன இரும்புத் தகடு, அதுதான் கிளீட். பெடலில் ஸ்பிரிங் வைத்த கவ்வி. முன்பாதத்தை அழுத்தினால் 'டக்' என்று கவ்விக்கொள்ளும், குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் விடும்.

இதற்கு ஆங்கிலத்தில் கிளிப்லெஸ் என்று பெயர், அதாவது கிளிப் இல்லாதது. காலைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிற ஒன்றுக்குக் கிளிப் இல்லாதது என்று யார் பெயர் வைத்தது என்று ரொம்ப நாள் கடுப்பு. அதற்கு முன்னால் பந்தயக்காரர்கள் பெடலில் ஒரு கூண்டும் தோல்வாரும் வைத்துக் காலை அதற்குள் நுழைத்துக் கட்டிக்கொள்வார்கள், அந்தக் கூண்டுக்குத்தான் டோ கிளிப் என்று பெயர். அது இல்லாததால் கிளிப்லெஸ். பிரான்சின் லுக் கம்பெனி, பனிச்சறுக்குக் காலணியைப் பலகையோடு பூட்டுகிற தொழில்நுட்பத்தை எடுத்து 1984இல் இதைக் கொண்டுவந்தது. மறு வருஷம் பிரெஞ்சுப் பந்தய வீரர் பெர்னார் ஈனோ அந்தப் பெடலை மிதித்து டூர் டி பிரான்ஸ் ஜெயித்ததும் பந்தய உலகம் மாறிப்போனது. 1990இல் ஜப்பானின் ஷிமானோ எஸ்.பி.டி. என்று சின்ன கிளீட் வைத்த ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் கிளீட் ஷூவின் அடிப்பாகத்துக்குள் புதைந்திருக்கும், அதனால் நடக்க முடியும். பந்தய ஷூவில் கிளீட் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், வாத்து மாதிரி நடக்க வேண்டும். வாங்குவதானால் எஸ்.பி.டி. என்று தம்பி சொன்னது சரியான யோசனைதான்.

நல்ல பொருள், குறை சொல்ல மாட்டேன். தரமணி லிங்க் ரோட்டில் காலியான ஒரு காலையில் அந்த வழவழப்பை நான் அனுபவித்திருக்கிறேன். பள்ளத்தில் வண்டி குதித்தாலும் கால் பெடலை விட்டு நழுவாது. ஆனால் என் பாதை ஈ.சி.ஆர். இல்லையே. விழுந்ததற்கு அடுத்த வாரம் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். வீட்டு கேட்டிலிருந்து ஆபீஸ் கேட் வரைக்கும் 38 தடவை கால் தரையில் ஊன்றியிருந்தேன். சிக்னல் அதில் பாதிகூட இல்லை. முன்னால் திடீரென்று இடது ஓரம் ஒதுங்குகிற பஸ், ராங் சைடில் வருகிற பைக், மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்புத் தகரத்துக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் அகப்பட்ட இரண்டடி சந்து, நடுரோட்டில் யோசனையில் நிற்கிற மாடு. இதில் எதுவும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. கிளீட் போட்டவருக்கு நிற்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே நிற்கப்போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். சென்னையில் அந்த ஒரு நொடியை யாரும் நமக்குக் கொடுப்பதில்லை.

அதோடு, ஷூ. பதினொரு கிலோமீட்டர் முடிந்ததும் அந்த ஷூவைக் கழற்றி வேறு மாட்ட வேண்டும். ஆபீஸ் வரவேற்பறையின் கிரானைட் தரையில் அதோடு நடந்து ஒருமுறை வழுக்கி, செக்யூரிட்டி அண்ணன் வந்து கையைப் பிடித்தார். வழியில் கீரை வாங்க இறங்கினால் டக் டக் என்று லாடம் அடித்த மாடு நடக்கிற சத்தம். மேலே இழுத்தால் பவர் என்றானே, மூன்று மாதத்தில் நான் ஒருநாளும் இழுக்கவில்லை. ஆபீஸ் போகிற வேகத்தில் கால் கீழேதான் மிதிக்கிறது, மேலே வரும்போது சும்மா வருகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் கிளீட்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு, விழுந்து கற்றது இரண்டு. பெடலின் ஸ்பிரிங் பக்கத்தில் ஒரு சின்ன திருகு இருக்கும், மூன்று மில்லிமீட்டர் ஆலன் கீயால் (ஆறு பட்டை வைத்த வளைந்த சாவி) அதைத் தளர்த்தி ஸ்பிரிங்கை முழுக்க லேசாக்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். கடையில் வருகிற இறுக்கம் புதுசாகப் பழகுகிறவர்களுக்கு அதிகம். அடுத்து, ஷிமானோவில் எஸ்.எச். 56 என்று ஒரு கிளீட் தனியாகக் கிடைக்கும். பெட்டியோடு பெரும்பாலும் வருகிற 51, குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். 56 பதற்றத்தில் எப்படி முறுக்கி இழுத்தாலும் விட்டுவிடும். இதைத் தம்பி எனக்குச் சொன்னது நான் விழுந்ததற்கு அப்புறம். ஒரு பக்கம் கிளீட், மறுபக்கம் தட்டை என்று இரட்டைப் பெடலும் உண்டு. எனக்கு அது சரிவராது, கால் வைக்கும்போது எப்போதும் தப்பான பக்கம்தான் மேலே இருக்கும் என்று என் ஜாதகத்தில் எழுதியிருக்கிறது.

கிளீட் பெடலையும் ஷூவையும் தம்பிக்குத் தெரிந்த ஒருவருக்குப் பாதி விலையில் தள்ளிவிட்டு, அடுத்த கோடிக்குத் தாவினேன். மலைச் சைக்கிள்காரர்கள் போடுகிற அகலமான அலுமினியப் பெடல், தட்டு முழுக்கச் சின்னச் சின்ன ஆணிகள். பிடி என்றால் அதுதான் பிடி. ஐப்பசி மழையில் ரப்பர் அடி வைத்த ஷூவோடு மிதித்தால் அரை அங்குலம்கூட நகராது. அகலம் நூறு மில்லிமீட்டர், முழுப் பாதமும் உட்காரும், சுண்டுவிரல் மரத்துப்போவது அன்றோடு நின்றது. பாதம் வைக்கும் இடத்தை விருப்பப்படி மாற்றவும் முடியும். ஏறும்போது முன்பாதம், அசதியாக இருந்தால் கொஞ்சம் நடுப்பாதம். மேம்பாலம் ஏறாமல் கீழே போகிற எனக்கு இதில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் ஒரே இடத்தில் கால் பூட்டிக் கிடக்கவில்லை என்பதே நிம்மதி.

ஆனால் அந்த ஆணிகள். ஸ்பீட் பிரேக்கரில் கால் நழுவிய ஒரு நாள், பெடல் சுழன்று வந்து கெண்டைக்காலுக்கு முன்பக்க எலும்பில் நாலு கோடு போட்டது. "பூனை பிராண்டுச்சா?" என்றார் மாமியார். பலாஸோ பேன்ட் இரண்டு கிழிந்தது. சிக்னலில் நிற்கும்போது மிதிக்க வசதியாக ஒரு பெடலை மேலே கொண்டுவர, ஷூவின் மேல்பக்கத்தைப் பெடலுக்கு அடியில் கொடுத்துத் தூக்குவோம் இல்லையா, அந்த இடத்தில் ஷூவின் தோல் உரிந்துபோனது. ஆணிகளில் பாதியைத் திருகிக் கழற்றிவிடலாம் என்று பிறகுதான் தெரிந்தது. எல்லாம் சின்ன மரை ஆணிகள்தான், பின்னாலிருந்து ஆலன் கீ போட்டால் வந்துவிடும். நடுவில் இருப்பவற்றைக் கழற்றி ஓரத்தில் இருப்பவற்றை விட்டேன், பிடியும் இருந்தது, கடியும் குறைந்தது.

அந்தப் பெடலை ஒரு பெரிய கடையில் மாட்டக் கொடுத்தேன். குளிர்சாதனம் போட்ட கடை. மாட்டிய பையன் அவசரத்தில் இருந்தான், நீளமான ஸ்பானரை எடுத்த எடுப்பில் போட்டு முடித்துவிட்டான். அதன் பலன் ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் அப்பார்ட்மென்ட் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர். ஸ்கூட்டியை மேலே ஏற்ற ஆள் கிடைத்தது, சைக்கிளை எல்லோரும் மறந்துவிட்டோம். இரண்டு நாள் பெடல் சாக்கடை கலந்த தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்தபின் துடைத்து எண்ணெய் விட்டு ஓட்டினேன். ஒரு வாரத்தில் இடது பெடல் கரக் கரக் என்றது, அடுத்த வாரம் நறநற என்றது. கையால் சுற்றினால் மணல் அரைப்பது விரலுக்கே தெரிந்தது. பெடலுக்குள் சின்ன சின்ன பால்ரஸ் குண்டுகள் கிரீசில் உருண்டுகொண்டிருக்கும். கிரீஸ் கழுவிப் போய்ச் சேறு உள்ளே புகுந்தால் கொஞ்ச நாளில் குண்டும் அச்சும் ஒன்றையொன்று தின்றுவிடும். வேளச்சேரித் தண்ணீரில் அச்சு முழுகுகிற மாதிரி ஓட்டினால் அன்றைக்கே இல்லாவிட்டாலும் அந்த வாரத்துக்குள் கிரீஸ் மாற்றிவிடுங்கள். பெடல் முழுகுகிற ஆழத்தில் ஓட்டவே வேண்டாம் என்பது அதைவிட நல்லது, தண்ணீருக்கடியில் மேன்ஹோல் எங்கே திறந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

சரி, நாமே கழற்றுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை 15 மில்லிமீட்டர் ஸ்பானரோடு உட்கார்ந்தேன். வலது பெடல் வந்துவிட்டது. இடது பெடலை எல்லா மரையையும் கழற்றுகிற மாதிரி இடப்பக்கமாகச் சுற்றினேன். அசையவில்லை. இன்னும் பலமாகச் சுற்றினேன். வீட்டுக்காரரும் வந்து தொங்கினார். ஸ்பானர் நழுவி என் கைமுட்டித் தோல், பெடலைத் தாங்குகிற கிராங்க் கம்பியில் உரிந்ததுதான் மிச்சம்.

ஆதம்பாக்கத்தில் ரோட்டோரம் ஒரு பாய் கடை வைத்திருக்கிறார். ஒரு பெட்டி, ஒரு பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி, மேலே தார்ப்பாய். உருட்டிக்கொண்டு போனேன். என் கதையைக் கேட்டுச் சிரித்தார். "இவ்ளோ நேரம் நல்லா டைட் பண்ணி எடுத்தாந்துருக்கமா" என்றார். இடது பெடலுக்கு மரை தலைகீழ். வலது பெடல் எல்லா போல்ட்டையும் போல, இடது பெடல் அதற்கு நேர்மாறு. அச்சின் முனையில் எல், ஆர் என்று பொறித்திருக்கும். அவர் அதையெல்லாம் பார்ப்பதில்லை. "ஸ்பானரை மேல பார்த்து நிக்க வைமா. முன் சக்கரத்துப் பக்கம் தள்ளினா டைட்டு, பின் சக்கரத்துப் பக்கம் தள்ளினா லூசு. ரெண்டு பெடலுக்கும் இதான். இடது வலதுன்னு மண்டையப் போட்டுக் குழப்பிக்காத." எவ்வளவு பக்கம் படித்தாலும் இதைவிடச் சுருக்கமாக எனக்குக் கிடைத்திருக்காது.

ஏன் தலைகீழ் என்றும் கேட்டேன். "லூசாவாம இருக்க" என்றார், அது போதுமானதுதான். கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் ஒரு பேனாவை இடது கை முஷ்டிக்குள் தளர்வாகப் பிடித்து, அதன் மேல் நுனியை வலது விரலால் வட்டமாகச் சுழற்றிப் பாருங்கள். நீங்கள் சுழற்றுகிற திசைக்கு எதிர்த்திசையில் பேனா மெல்லத் தன்னைத்தானே உருட்டிக்கொள்ளும். காலின் பாரம் சுற்றிச் சுற்றி அழுத்தும்போது கிராங்கின் மரைக்குள் பெடல் அச்சுக்கும் அதேதான் நடக்கிறது. இடது பக்கம் சாதாரண மரை இருந்தால் அந்த நுண்ணிய உருளல் தினம் கொஞ்சமாகப் பெடலைக் கழற்றிக்கொண்டே இருக்கும்.

பாய் ஸ்பானரின் வாலில் இரண்டடி இரும்புக் குழாயைச் செருகினார், காலால் ஒரு அழுத்து. கீச் என்று கத்திக்கொண்டு வந்தது. வந்தது பெடல் மட்டுமில்லை. அச்சின் மரையைச் சுற்றி வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாக அலுமினியம், பென்சில் சீவின மாதிரி. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "கிராங்கு மரை போச்சு. யாரோ கோணையா ஏத்திருக்கான்." பெடல் அச்சு எஃகு, கிராங்க் அலுமினியம். கோணலாக நுழைத்து ஸ்பானரால் அழுத்தினால் எஃகு ஜெயித்துவிடும், மாட்டியவனுக்கு டைட்டாக இருப்பது போலவே தோன்றும். அதனால் யார் மாட்டினாலும் முதல் நாலைந்து சுற்று விரலால்தான் போக வேண்டும். விரலுக்கு வரவில்லை என்றால் கோணல், உடனே பின்னால் எடுத்துவிட வேண்டும். மரையில் கிரீஸ் தடவிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். இப்போதெல்லாம் கடையில் கொடுத்தால் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், அந்தப் பையன்கள் என்னை எப்படிப் பார்த்தாலும் சரி.

இடது கிராங்க் மட்டும் தனியாகக் கிடைத்ததால் பிழைத்தேன். பாயே பாரிமுனைப் பக்கம் போய் வாங்கிவந்து மாட்டினார், கூலியோடு 600 ரூபாய்.

நாலாவது ஜோடியும் அப்போதுதான். நைலான் பெடல், அலுமினியத்தின் அதே அகலம், ஆணிக்குப் பதில் அதே நைலானில் வார்த்த முட்டு முட்டான மேடுகள். பேரிங் ரப்பர் மூடி போட்டு அடைத்தது. 850 ரூபாய். மழையில் ஆணிப் பெடல் அளவுக்குப் பிடிக்காது, பிளாஸ்டிக்கைவிட நாலு மடங்கு பிடிக்கும். என் ஆபீஸ் ஷூ, வெள்ளிக்கிழமை கோலாப்பூரி, மழைக்கால ரப்பர் செருப்பு, மூன்றுக்கும் ஒத்துவருகிறது. நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான், சைக்கிளுக்கு எந்தப் பெடல் என்றில்லை, இந்தக் காலில் தினமும் என்ன மாட்டியிருக்கும் என்று. புதுசாக வாங்குகிறவர்கள் மரையின் அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் சைக்கிளில் பெரும்பாலும் 9/16 அங்குலம். இரண்டு பக்கக் கிராங்கும் ஒரே கம்பியாக வளைந்து வருகிற சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் 1/2 அங்குலம். இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது.

நைலான் பெடலில் ஒரே குறை, ரிஃப்ளெக்டர் கிடையாது. ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்கு மேல் கிளம்புகிற நாட்களில் அது பெரிய குறை. பின்னால் வருகிறவருக்கு வண்டியின் சிவப்பு விளக்கு எதுவாகவும் தெரியலாம், ஆனால் மேலும் கீழும் ஏறி இறங்குகிற இரண்டு மஞ்சள் புள்ளியைப் பார்த்தால் சைக்கிள் என்று சட்டென்று புரிந்துவிடும். பாயிடம் சொன்னேன். பழைய பிளாஸ்டிக் பெடலைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேனா என்று கேட்டார். வைத்திருந்தேன், பரணில். அதிலிருந்த மஞ்சள் ரிஃப்ளெக்டரை நெம்பி எடுத்து, நைலானில் சூடான கம்பியால் ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் கட்டிக் கொடுத்தார். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. வலது பக்கத்தில் ஒன்று போன வாரம் விஜயநகரில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. மூன்றுதான் மிச்சம்.